ஊர்ப்பேர் போட்ட நோட்டு

1997இல் சேலத்திலிருந்து ஒரு லேமினேஷன் மெஷின் வாங்கி வந்து நைனார்பாளையத்துக் கடையில் வைத்தேன். ஜெராக்ஸ் மெஷின் ஏற்கெனவே இருந்தது. அந்த வருடம் ஊருக்கே லேமினேஷன் மோகம். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சமயபுரத்தம்மன் படம், செத்துப்போன தாத்தாவின் ஒரே போட்டோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வந்தார்கள். ஒருநாள் சாயங்காலம், மல்லாட்டை காயவைத்த களத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தவர்போல ஒருவர் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பழைய ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"தம்பி, இதுக்குப் பிளாஸ்டிக் போட்டுக் குடு. எங்க அப்பாரு வச்சிருந்தது. மடிச்ச எடத்துல கிழிஞ்சிடும்போல இருக்கு."

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட நோட்டு. கீழே டென்னிங் என்ற அதிகாரியின் கையெழுத்து. டென்னிங் யாரென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஏதோ ராஜா காலத்து நோட்டு என்று மட்டும் தெரிந்தது. பவுச்சுக்குள் நேராக வைத்து, சூடான ரோலருக்குள் விட்டேன். மறுபக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

அதே நோட்டு, அதே மடிப்புகளோடு, பிளாஸ்டிக் இல்லாமல் இன்றைக்கு வந்தால் சில ஆயிரங்களை எண்ணி வைத்து வாங்கிக்கொள்வேன். லேமினேஷன் போட்டதை யாரும் தொடமாட்டார்கள். பவுச்சின் பசை சூட்டில் உருகிக் காகிதத்தின் நாருக்குள்ளேயே இறங்கிவிடும். பிரித்தால் அச்சு பிளாஸ்டிக்கோடு வரும், பிரிக்காவிட்டால் அது நோட்டே இல்லை, நோட்டின் படம். இது எனக்குப் புரிய நாலு வருடம் ஆனது.

2001இல் மச்சான் வீட்டுக் காரியமாகச் சென்னை போனபோது, ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி என்று தட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். ஒரு மேஜையில் பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக மெல்லிய உறைக்குள் போட்டு அடுக்கியிருந்தார்கள். நடுவில் அதே ஐந்தாம் ஜார்ஜ், அதே டென்னிங். விலை கேட்டேன். சொன்னார். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஜைக்காரப் பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். லேமினேஷன் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "நான் இஸ்திரி போட்டிருக்கேன் தம்பி" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பிழைப்பு. கடை ஒருபக்கம், இது ஒருபக்கம். இரண்டுமே காகிதத் தொழில்தான்.

இஸ்திரி என்றதும் நினைவுக்கு வருகிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் பெரிய ஊர் வியாபாரி ஒருவரிடம் நான் வாங்கிய முதல் விலை கூடிய நோட்டே இஸ்திரி போட்டதுதான். 1949இல் வந்த ஒரு ரூபாய், கே.ஆர்.கே. மேனன் கையெழுத்து, சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டு. மன்னர் போய் அசோகச் சிங்கம் வந்த நோட்டு. புழக்கத்துக்கே போகாத புத்தம் புதுசு என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெருமையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டேன். சென்னைப் பெரியவர் அடுத்த முறை அதை வாங்கித் திருப்பி, பின்புறத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். நம்பர் அச்சு அழுத்தி விழுகிற இடம் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இதில் புடைப்பே இல்லை, வழவழவென்று இருந்தது. பிறகு டார்ச்சைப் படுக்கைவசமாகச் சாய்த்து அடித்தார். நேரே பார்த்தால் காணாத நடுமடிப்பு, வரப்பில் விழுந்த நிழல் மாதிரி ஒரே கோடாக எழுந்து வந்தது. முகர்ந்து பாரு என்றார். சோப்புத்தூள் வாசம்.

கொடுத்த காசு போனது போனதுதான். அன்றிலிருந்து எந்த நோட்டு வந்தாலும் முதலில் விரல், அடுத்து டார்ச், அப்புறம் மூக்கு. பூதக்கண்ணாடியெல்லாம் கடைசியில்.

விலை போடுவதில் வெளியாள் நினைக்காத ஒன்று உண்டு. பழசுக்கு விலை இல்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, எப்படி மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இந்த மூன்றுக்குத்தான் விலை. எண்பது வருடத்து நோட்டு ஐந்நூறுக்குப் போகும். நாற்பது வருடத்து நோட்டில் ஒரு கவர்னரின் கையெழுத்து குறைந்த நாளே இருந்திருந்தால் அது முந்திக்கொள்ளும். ரிசர்வ் வங்கியில் பி.என். அடார்கர் 1970இல் ஆறு வாரம்போலத்தான் கவர்னராக இருந்தார். முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஒரு நோட்டில்கூடக் கையெழுத்துப் போடாமலே போனார். வங்கி 1935 ஏப்ரலில் தொடங்கியது, அதன் பெயரில் முதல் நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. அதில் இருப்பது அடுத்த கவர்னர் ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து. ஐம்பது ரூபாய் நோட்டில் பார்லிமென்ட் கட்டடத்தின்மேல் கொடி பறக்கிறதா இல்லையா என்று பார்ப்போம். கொடி இல்லாதது முந்தையது. சுதந்திரம் வந்த புதிதில் அடித்த நோட்டுகளில் இந்தியில் 'ருபயா' என்று ஒருமையில் போட்டுவிட்டு, பிறகு 'ருபயே' என்று திருத்தினார்கள். அந்தப் பிழைக்கும் திருத்தத்துக்கும் தனித்தனியாக ஆள் தேடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, 'ரூபாய்' ஒன்றானாலும் நூறானாலும் ரூபாய்தான்.

முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறிக்கொண்டு போனதால், வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக 1917 நவம்பர் 30ஆம் தேதி ஒரு ரூபாய் நோட்டு விட்டார்கள். செக் புத்தகம் மாதிரி 25 தாளாகச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்களாம், வேண்டும்போது கிழித்துக்கொள்ளலாம். அதனால் ஒருபக்க ஓரம் பிசிறாக இருந்தால் கழிக்கக் கூடாது, பிசிறு இல்லாமல் நறுக்கென்று இருந்தால்தான் யாரோ கத்தரித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். கூடவே இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது, இரண்டு ரூபாய் எட்டணா. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1926 பிறந்ததும் இரண்டும் நின்றன. நிஜமான இரண்டரை ரூபாயை நான் பெங்களூரில் ரெஸ்வான் ரசாக் வைத்திருக்கும் காகிதப் பண அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்ததோடு சரி. கையில் எடுத்ததில்லை.

எங்கள் பக்கம் நோட்டு எங்கே கிடைக்கும் என்றால், மண்டிக் கணக்கில். சின்னசேலம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று மல்லாட்டையும் பருத்தியும் கை மாறிய ஊர்கள். சிவப்புத்துணி அட்டை போட்ட நீளப் பேரேடுகள் பரணில் கிடக்கும். போகிக்கு முந்தின வாரம் எனக்குச் சீசன். "பழைய கணக்கு நோட்டு இருந்தா எரிக்காதீங்க, எடைக்குப் போடுற விலைக்கு மேல குடுத்து நான் எடுத்துக்கறேன்" என்று ஊர் ஊராகச் சொல்லிவைத்திருப்பேன்.

அப்படி ஒரு வீட்டில், நின்றுபோன ஒரு மண்டி முதலாளியின் மருமகள் கூப்பிட்டனுப்பினார். பேரேட்டின் நடுவில் மடிக்காமல் படுத்திருந்தது ஆயிரம் ரூபாய். 1954இல் மறுபடி விட்ட பெரிய நோட்டு, பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில். ராமபாணப்பூச்சி பேரேட்டின் அட்டையிலிருந்து துளைக்க ஆரம்பித்து, பக்கம் பக்கமாக இறங்கி, நோட்டையும் ஒரு ஓட்டை போட்டுத் தாண்டிப் போயிருந்தது. அதே ஓட்டை அடுத்த பக்கத்தில் ஒரு பருத்தி வியாபாரியின் பற்றுக்கு மேலேயும் இருந்தது.

1978 ஜனவரி 16இல் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் மூன்றும் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளக் கிடைத்தது சில நாள்தான். இந்த ஒன்று எந்தப் பக்கத்துக்குள் போனது என்று முதலாளிக்கே தெரியவில்லை. கணக்குப்பிள்ளைமேல் சந்தேகப்பட்டு அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டாராம். இதை அந்த அம்மாவே சொன்னார். நான் விலை சொன்னேன், ஓட்டைக்காகக் குறைத்தேன், ஏன் குறைக்கிறேன் என்றும் காட்டினேன். பேரம் பேசவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "கணக்குப்பிள்ளை மகன் இங்கதான் டிவிஎஸ்ல பால் ஊத்தறான், இத எப்படி அவன்கிட்ட சொல்றது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல்வராயன் மலைக்கும் போய்ப் பார்த்தேன். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரை ஏழெட்டு முறை. நோட்டு கிடைக்கவில்லை. அங்கே பெரியவர்கள் சேர்த்து வைத்தது எல்லாம் வெள்ளி. ராஜா தலை போட்ட ரூபாயைத் துணியில் முடிந்து அடுக்குப்பானையில் போட்டு வைத்திருந்தார்கள். "காயிதம் மழக்கி ஊறிப்பூடும் சாமி" என்றார் ஒரு ஆயா. காகிதம் ஊறாவிட்டால் செல் அரிக்கும், எலி கடிக்கும். அந்த ஆயாவின் கணக்கை எந்தப் பொருளாதாரப் பேராசிரியராலும் தப்பென்று சொல்ல முடியாது. வெள்ளிக்காசில் எனக்குக் கை ஓடாது, அதனால் டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மலை ஏறி இறங்குவதைவிட அலுப்பானது இப்போது யூடியூப். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் லட்சம், நோட்டு நம்பர் 786 என்று முடிந்தால் பத்து லட்சம். யாரோ எங்கேயோ உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள், இங்கே எனக்குக் காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போதே ஆள் நிற்கிறது. டிராக்டர் நோட்டு இன்றைக்கும் செல்லுபடியாகும் ஐந்து ரூபாய். புழங்கிக் கசங்கியது என்றால் அதன் விலையும் ஐந்து ரூபாய். இதைச் சொன்னால் நான் ஏமாற்றுகிறேன் என்று நினைப்பார்கள். அதனால் என்னிடம் இருக்கும் டிராக்டர் நோட்டுகளை எடுத்துக் கொடுத்து, "பத்து ரூபாய்க்கு ஒண்ணு, எத்தன வேணும் சொல்லுங்க, நீங்க வித்து லட்சாதிபதி ஆவுங்க" என்பேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு பையன் சிரிக்கவில்லை. அவன் ஏற்கெனவே போனில் வந்த ஒருவனுக்கு 'ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம்' என்று மூவாயிரம் அனுப்பியிருந்தான். ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வியாபாரத்தில் இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று 2021இல் அந்த வங்கியே அறிக்கை விட்டது. அதை அச்செடுத்துக் கடையில் ஒட்டினேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் மட்டும் படிக்கிறார்கள்.

2016இல் செல்லாமல்போன ஐந்நூறு, ஆயிரம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், வேண்டுமா என்றும் கேட்டு வருவார்கள். சேகரிப்புக்கு என்றாலும் 25 தாளுக்குமேல் வைத்திருப்பது 2017இல் வந்த சட்டப்படி குற்றம். என் ஆல்பத்தில் இருப்பது நாலே நாலு.

இந்த யூடியூப் சீசனில்தான் அந்த ஐந்து ரூபாய்க்காரர் மறுபடியும் வந்தார். வேட்டி போய் லுங்கி, தலை முழுக்க வெள்ளை. சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஐந்தாம் ஜார்ஜ், டென்னிங். ஓரமெல்லாம் பிளாஸ்டிக் மஞ்சளேறி, ஒரு மூலையில் காற்றுக்குமிழி. பேரன் யூடியூபில் பார்த்தானாம். நான் டார்ச்சை எடுக்கவில்லை.

"அண்ணே, இதுக்கு வெல இல்ல. லேமினேஷன் போட்டா போச்சு."

"நீதான போட்டுக் குடுத்த?"

"ஆமாங்கண்ணே. அன்னிக்கு எனக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். "போடலன்னா எலி தின்னிருக்கும் போ" என்றார். கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து, அன்று வாங்கிய கூலி என்று நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அக்கா மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். போன முறை வந்தபோது, "மாமாவுக்கு ஒண்ணு" என்று ஒரு பத்து டாலரைக் கொண்டு வந்தான். 1929 வரிசை. ஹாமில்டன் தலை, பழுப்பு முத்திரை. நான் டாலர் பார்க்காதவன் இல்லை, ஆனால் இதன் இடப்பக்கம் கருப்பு மையில் ஒரு வங்கியின் பெயரும், பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரும், ஒரு எண்ணும் அச்சாகியிருந்தன. இரண்டு நாள் ராத்திரி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு, புத்தகம் புரட்டி விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த சமயம், 1863இல் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த ஊரில் வேண்டுமானாலும் நாலு பேர் முதல் போட்டு 'நேஷனல்' வங்கி தொடங்கலாம், அரசாங்கப் பத்திரம் வாங்கி அரசிடமே ஈடு வைத்தால் அந்த ஈட்டின்பேரில் வங்கியின் பெயரில், ஊரின் பெயரில், நோட்டு அடித்துக் கொடுப்பார்கள். பழைய பெரிய நோட்டுகள் தாள்தாளாக வந்து இறங்கும். அந்த ஊர் வங்கியின் தலைவரும் காசாளரும் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கத்தரித்துப் புழக்கத்தில் விடுவார்கள். 1935 வரை நடந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் அப்படி நோட்டு விட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சார்ட்டர் எண் உண்டு, முதலாம் எண் பிலடெல்பியாவுக்கு.

விலை போடும் விதத்தைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. பத்து டாலர் எல்லாம் ஒரே பத்து டாலர்தான். ஆனால் பெரிய பட்டணத்து வங்கியின் நோட்டு ஆயிரக்கணக்கில் மிச்சம் இருப்பதால் மலிவு. ஒரே ஒரு வங்கி இருந்து, அதுவும் சீக்கிரம் மூடிப்போன கிராமத்து நோட்டு என்றால், கிழிந்திருந்தாலும் அடித்துக்கொள்கிறார்கள். சில வங்கிகளுக்கு ஒன்றோ இரண்டோதான் கண்ணில் பட்டிருக்கிறதாம், சிலவற்றுக்கு ஒன்றுகூட இல்லையாம். அலாஸ்கா, அரிசோனா மாதிரி மாநிலமாக ஆவதற்கு முந்திய காலத்து நோட்டுக்குத் தனிக் கிராக்கி. ஏலத்தில் கடைசிவரை கை தூக்குவது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்தான், அல்லது கையெழுத்துப் போட்ட காசாளரின் பேரன். நாம் கவர்னர் பெயரைத் தேடும் இடத்தில் அவர்கள் ஊர்ப்பேரைத் தேடுகிறார்கள்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1861இல் அரசாங்கம் நோட்டு அடிக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் பாங்க் ஆஃப் மெட்ராஸ் மாதிரி வங்கிகள் விட்டவை என் மாதிரி ஆட்களின் கைக்கு வராது. அதற்குப் பிறகு ஊர் என்றால் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், ரங்கூன் என்று சில வட்டங்கள், அவ்வளவுதான். ஒரு வட்டத்து நோட்டை இன்னொரு வட்டத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூட ரொம்ப நாள் இல்லை. 1903இல் ஐந்து ரூபாயில் தொடங்கித்தான் அந்தத் தடை ஒவ்வொன்றாக விலகியது. அந்த நாளில் பெரிய நோட்டைத் தபாலில் அனுப்பும்போது திருட்டுக்குப் பயந்து இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்தது என்று கடிதம் வந்தபிறகு மறு பாதியை அனுப்புவார்கள். நடுவில் ஒட்டுப் போட்ட பழைய நோட்டைக் கண்டால் இதனால்தான் நான் சட்டென்று கழிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வங்கி தன் பெயரில் நோட்டு விட்ட கடைசி ஊர் பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரர்களின் இந்தோசீனா வங்கி அங்கே கிளை வைத்து ரூபாய் நோட்டு விட்டது, ஐம்பது ரூபாயில் பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளே படம். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போனதோடு அதன் காலமும் முடிந்தது. அதில் ஒரு ரூபாய்த் தாள் ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது.

சின்னசேலம் பெயர் போட்ட நோட்டு இருந்தால் எப்படி இருக்கும் என்று மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பத்து ரூபாய் ஞாபகம் வந்தது. ஆறாம் ஜார்ஜ், கவர்னர் தேஷ்முக் கையெழுத்து. நாலைந்து வருடமாக 'கழிவு' என்று எழுதிய உறையில் கிடந்தது. அந்தக் காலத்தில் மண்டியில் கட்டுக் கட்டினால் மேல் நோட்டின் வெள்ளை இடத்தில், நீர்க்குறி இருக்கும் வட்டத்தில், கட்டின் கணக்கைப் பேனாவால் எழுதிவிடுவார்கள். எடுத்துக் காட்டினேன். நீல மை பழுப்பாகியிருந்தது. கட்டுக் கயிறு இழுத்த தடம் ஓரத்தில் இருந்தது. முதல் வரியில் 'சி.சேலம்'. அதன் கீழே 'ஐப்பசி௴ ௰௨௳', ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் நாள். தமிழ் எண்ணிலேயே எழுதியிருக்கிறார் மனுஷன். அதற்கும் கீழே ஒரு கிறுக்கல். கையெழுத்தா, தொகையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கண்காட்சிக்குப் போனபோது தெரிந்த வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். டார்ச் அடித்தார், விரலால் தடவினார், எல்லாம் முறைப்படி. "நோட்டு நல்லா இருக்குண்ணே, பேனா எழுத்துதான் கெடுத்துடுச்சு. பாதி வெலக்கித் தரேன்" என்றார். அவர் சொன்னது சரியான விலை. கேட்லாக்கும் அதைத்தான் சொல்லும், நானே வேறொருவர் கொண்டு வந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்து 'கழிவு' உறையிலிருந்து எடுத்து, புது மைலார் உறையில் போட்டேன். போன வாரம் மருமகன் போனில், "அந்தச் சின்னசேலம் நோட்டு என்ன வெல மாமா?" என்று கேட்டான். உறையின் மூலையில் பென்சிலால் விலை எழுதும் வழக்கம் எனக்கு. அந்த மூலையில் ஊர்ப்பேரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.